தோம்பில் ஏறிய விசுவாசம்

ஆத்துமத்தின் சத்துருக்கள் மூன்று என்று யாழ்ப்பாணத்து ஞானோபதேச வகுப்புகளில் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடமாக்கி வந்திருக்கிறார்கள்: பசாசு, உலகம், சரீரம். பிரசங்கம் வைத்தவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் பற்றியே கூடுதலாகப் பேசினார்கள். கள்ளுக் கொட்டில், கூடாத கூட்டம், சினிமா, சாத்திரம் கேட்பது, நாள் பார்ப்பது, நல்லூர்த் தேர் பார்க்கப் போவது என்று அந்தப் பட்டியல் நீளும். நடுவில் நிற்கும் உலகத்துக்கு இரண்டு வசனத்துக்கு மேல் கிடைத்ததில்லை. ஆனால் குடாநாட்டில் கிறித்தவம் கடந்து வந்த பாதையை ஆராய்ந்தால், விசுவாசத்தைப் பலமுறை அசைத்துப் பார்த்தது அந்த நடுச் சத்துருதான். காணி, உத்தியோகம், சீதனம், சாதி என்ற நான்கு முகங்களோடு அது வந்தது. இன்னொரு விசித்திரமும் உண்டு. மற்ற இடங்களில் உலகம் மனிதரைச் சபையை விட்டு வெளியே இழுக்கும். யாழ்ப்பாணத்தில் அது நெடுங்காலம் சபைக்கு உள்ளே இழுத்தது.

வேதத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் கதையோடு இந்த வரலாறு தொடங்குவதால் பிற்பாடு நடந்தது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் மன்னார்த் தீவில் ஞானஸ்நானம் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். அறுநூறு பேருக்கு மேல் என்பது மரபு. தோட்டவெளியில் இன்றும் அவர்களை நினைவுகூருகிறார்கள். அந்த மக்கள் மதம் மாறியதில் பறங்கியர் (போர்த்துக்கேயர்) பாதுகாப்பு என்ற அரசியல் எவ்வளவு கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் விவாதிப்பார்கள். வாள் முன்னே வந்தபோது அந்தப் பாதுகாப்பு அருகில் இருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

1619இல் பிலிப்பு தெ ஒலிவேரா நல்லூரைப் பிடித்தபின் நிலைமை தலைகீழானது. ஆள்பவரின் மதமே இப்போது கிறித்தவம். பிரான்சிஸ்கன் குருமாரும் இயேசு சபையாரும் கோவிற்பற்றுகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. அந்தக் காலத்துச் சைவர்களைப் பற்றி யாழ்ப்பாணத்தில் வழங்கும் கதைகள் இரண்டு. விரதத்தன்று இலையில் சாப்பிட்டுவிட்டு, எச்சில் இலை வெளியே கிடந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைக் கூரைக்குள் செருகி வைத்தார்களாம். பறங்கியருக்கு முறைவைத்துப் பசு கொடுக்க வேண்டிய தன் நாள் வந்தபோது, திருநெல்வேலி ஞானப்பிரகாசர் இரவோடிரவாகக் கடல் கடந்து சிதம்பரம் போய்விட்டாராம். அங்கே அவர் பெயரில் திருக்குளமே இருக்கிறது. கிறித்தவ விசுவாச உறுதியைப் பற்றிய கட்டுரையில் இவர்களுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அரசின் தயவும் காணியும் ஒரு பக்கம், மனச்சாட்சி மறுபக்கம் என்று வந்தபோது மனச்சாட்சியின் பக்கம் நின்றவர்கள் அவர்கள். இந்த மண்ணில் உறுதிக்கான அளவுகோலைப் பறங்கியர் காலத்தில் வைத்தவர்கள் சைவர்கள். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அதே சோதனை கத்தோலிக்கருக்கு வந்தது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அந்த ஆண்டிலேயே, குருவானவருக்கு மறைவிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. பறங்கியர் கட்டிய கோவில்கள் அப்படியே சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. 1658 முதல் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பாதிரியார் பிலிப்பு பால்டேயஸ் அந்த ஊர்களையும் கோவில்களையும் பற்றி எழுதிய பெரிய நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு என்று கோவிற்பற்றுகளை வரிசையாக விவரிக்கும் அவரே, தம் மந்தையில் பலர் பெயருக்குத்தான் கிறித்தவர்கள் என்பதையும் மறைக்கவில்லை.

ஒல்லாந்தரின் முறை பறங்கியரின் முறையைவிடச் சத்தமில்லாதது. அதனாலேயே கூடுதல் வலியது. பாடசாலை உபாத்தியாரிடம் தோம்பு என்ற பதிவேடு இருந்தது. பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாம் அதில் ஏறும். தோம்பில் ஏறாத விவாகம் செல்லாது. செல்லாத விவாகத்தில் பிறந்த பிள்ளைக்கு முதுசக் காணியில் உரிமை கேள்விக்குறி. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத தகப்பனுக்குக் குற்றப்பணம். முதலியார் பதவியும் ஏனைய உத்தியோகங்களும் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவருக்கு மட்டும். யாரையும் தூக்கில் போடத் தேவையில்லை. காணி உறுதியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே ஏட்டில் எழுதிவிட்டால் போதும். பாலைவனத்தில் இயேசுவுக்கு மூன்றாவதாக வைக்கப்பட்ட சோதனை, உலகத்து இராச்சியங்கள் எல்லாவற்றையும் காட்டி விழுந்து பணியச் சொன்னது. யாழ்ப்பாணத்து வேளாண் குடும்பத்துக்கு இராச்சியம் வேண்டியிருக்கவில்லை. பத்துப் பரப்புத் தோட்டக்காணியும் ஒரு முதலி பட்டமுமே பணிய வைக்கப் போதுமாயிருந்தன.

பெரும்பாலோர் பணிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தலைகாட்டிவிட்டு வீட்டில் விரதமும் திவசமும் நடத்தினார்கள். இதை வஞ்சகம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. தன் பிள்ளையின் காணியைக் காப்பாற்ற ஒரு தகப்பன் செய்ததை இன்றிருந்து நியாயம் தீர்க்க எனக்கு மனமில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டில் விசுவாசம் எந்த நிலைக்கு வந்தது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

இதே காலத்தில் சில்லாலை போன்ற ஊர்களில் வேறொன்று நடந்தது. 1658 முதல் 1687 வரை, ஒரு முழுத் தலைமுறை, குரு இல்லை, பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இருந்தவை செபமாலையும் வீட்டில் மூத்தவர் சொல்லிக்கொடுத்த செபங்களுமே. 1687இல் கோவாவைச் சேர்ந்த ஓறற்றோரியர் சபைக் குரு யோசப் வாஸ் தூத்துக்குடியிலிருந்து ஜோன் என்ற உதவியாளோடு தோணியேறினார். பிச்சைக்காரர் வேடத்தில் மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயிற்றுளைவால் சாகும் நிலை. தேறியபின் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். எந்த வீட்டில் கண்கள் சோற்றுச் சட்டியை விட்டு அந்த மாலையில் நிலைக்கின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். அப்படித்தான் தம் மக்களைக் கண்டுபிடித்தார். பின்னர் சில்லாலை அவருக்கு இருப்பிடமானது. இரவில் பூசை, பகலில் மறைவு.

தோம்பில் தம் பெயரைச் சீர்திருத்த சபைக்காரராகப் பதிந்திருந்த சிலர் அப்போது வெளிப்படையாகத் திரும்பிவந்தார்கள். ஒல்லாந்தத் தளபதி புளோரிஸ் பிளோம் இதைப் பொறுக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்குக் கூடியவர்கள்மேல் படையினர் பாய்ந்தனர். முந்நூறு பேரளவில் பிடிபட்டதாகவும், ஒல்லாந்த சபையை விட்டு வந்திருந்த தொன் பேதுரு அடிபட்டு இறந்ததாகவும், தலைவர்களாகக் கருதப்பட்ட மற்றவர்கள் கோட்டை வேலைக்கு அடிமைகளாக்கப்பட்டதாகவும் ஓறற்றோரியர் மரபு சொல்கிறது. வாஸ் அகப்படவில்லை. புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குள் போய், ஒற்றன் என்று சிறைப்பட்டு, பின் விடுதலையாகி, 1711இல் கண்டியில் மரித்தார். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

தொன் பேதுருவைப் பற்றி நமக்கு வேறெதுவும் பெரிதாகத் தெரியாது. என்றாலும் அவர் நிலை சிந்திக்க வைக்கிறது. பெயரளவில் இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். ஊரே அப்படித்தான் இருந்தது. தோம்பில் இருந்த பெயரும் வீட்டில் செய்த செபமும் ஒன்றாக வேண்டும் என்று நினைத்ததே அவர் செய்த குற்றம்.

வாஸின் வீரத்தைப் பேசும்போது அவருடைய நிர்வாகத் திறமை மறைந்துபோகிறது. குரு ஆண்டுக்கொரு தரமும் வர முடியாத நாட்டில் சபை எப்படி நிற்கும் என்பதற்கு அவரும் அவருக்குப்பின் வந்த ஓறற்றோரியரும் கண்ட வழி, ஊர்க்காரர் கையில் பொறுப்பைக் கொடுப்பது. மூப்பர் சபைக் காரியங்களைப் பார்ப்பார். அண்ணாவியார் பிள்ளைகளுக்குச் செபமும் ஞானோபதேசமும் படிப்பித்து, ஞாயிறு மன்றாட்டை நடத்துவார். சங்கிலித்தாம் கோவிலைக் கவனிப்பார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் அவர்கள் பழக்கப்பட்டிருந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்ததும் இதற்காகவே. குரு இல்லாத இடத்தில் அவருடைய ஏடு பேசும். தபசு காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைப் பாடி அழும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. குடாநாட்டுக் கோவில்களில் அது இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓதப்பட்டு வந்தது.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். மதக் கட்டாயம் தளர்ந்தது. 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளும் நீங்கின. இப்போது இரு சபைகளும் தம் கணக்கைப் பார்க்க வேண்டிய நேரம். ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத் தமிழரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் புரட்டஸ்தாந்தராகக் கணக்கில் இருந்தனர் என்று பின்னாளில் இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் தெனன்ற் எழுதினார். 1806இல் இங்கே வந்த கிளாடியஸ் புக்கானன் பாதிரியார் கண்டதோ பாழடைந்த கோவில்களும் மேய்ப்பரில்லாத ஊர்களும். வாதம் நடக்கவில்லை, கலகம் நடக்கவில்லை. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டியதில்லை என்றானதும் சபை சத்தமில்லாமல் கரைந்துவிட்டது. நல்லூரில் ஒல்லாந்தர் 1690இல் குருமடம் நிறுவியிருந்தார்கள். பிலிப்பு தெ மெல்லோ என்ற சுதேசப் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்து, யாழ்ப்பாணத்திலேயே ஊழியஞ்செய்து 1790இல் மறைந்தார். அவருடைய உழைப்பும் சேர்ந்தே மறைந்ததுதான் மனதை உறுத்துகிறது. மறுபுறம், நூற்றைம்பது ஆண்டு சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த கத்தோலிக்கம் சில்லாலையிலும் கரையோரக் கிராமங்களிலும் இருந்தபடியே இருந்தது.

இதற்குத் தெனன்ற் போன்ற புரட்டஸ்தாந்த எழுத்தாளர்கள் வேறு காரணம் சொன்னார்கள்: கத்தோலிக்கத்தின் சொரூபம், சுற்றுப்பிரகாரம், திருவிழா எல்லாம் சைவக் கோவில் வழக்கத்துக்கு அண்மையானவை, எனவே மக்களுக்கு அது அந்நியமாக இல்லை. இதில் உண்மை இல்லாமலில்லை. கொடியேற்றமும் தேரும் கூத்தும் ஊருக்குச் சொந்தமான மொழி. ஆனால் அண்மை மட்டுமே காரணமானால், அண்மையான கத்தோலிக்கத்தை விட்டு அசலான சைவத்துக்கே போயிருக்கலாமே. பெருந்தொகையானோர் அப்படித்தான் போனார்கள். நின்றவர்களுக்கு வழிபாட்டின் அழகு ஒரு துணை. அவர்கள் நின்றதற்கு வேறு காரணம் வேண்டும். நான் காண்பது இதுதான்: அவர்களுடைய விசுவாசத்தில் ஆதாயம் எதுவும் ஒட்டியிருக்கவில்லை, அதை நடத்தும் பொறுப்பு அவர்கள் கையிலேயே இருந்தது.

ஒல்லாந்தர் விட்டுப்போன அதே இடிந்த கோவில்களில்தான் 1816இல் அமெரிக்கன் மிசன் குடிபுகுந்தது. தெல்லிப்பழையில் டானியல் பூர், வட்டுக்கோட்டையில் மெய்க்ஸ். ஒல்லாந்தரின் கதையை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆகையால் ஞானஸ்நானத்தை அள்ளி வழங்கவில்லை. சபையில் சேர விரும்புவோரை நெடுங்காலம் சோதித்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர் தொகை கடைசிவரை சிறியது. ஆனால் கதவை ஒடுக்கமாக்கினாலும் வளவு முழுக்க ஆதாயம் இருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அக்காலத் தெற்காசியாவில் சிறந்த கல்விக்கூடங்களில் ஒன்று: ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், தமிழ் இலக்கியம். அமெரிக்காவில் பணம் கொடுத்த உபகாரியின் பெயரே பிள்ளைக்கு வைக்கப்பட்டது. அதனால் ஆர்னல்ட், கரோல், எவார்ட்ஸ் என்ற பெயர்களோடு மானிப்பாய்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை தொடங்கியது. படித்து முடித்துக் கிறித்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிசனே சீதனம் கொடுத்தது. இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, அனுதாபமும் வருகிறது. சீதனமில்லாமல் யாழ்ப்பாணத்தில் எந்த வேதமும் கரையேறாது என்று நியூ இங்கிலாந்துச் சீமாட்டிகளும் சில ஆண்டுகளில் கண்டுகொண்டுவிட்டார்கள்.

சோற்றுப் பிரச்சினை அதைவிடப் பெரிது. வேளாளப் பிள்ளைகள் மிசன் வளவில் சமைத்ததை உண்ண மறுத்தார்கள். ஆரம்பத்தில் பக்கத்துச் சைவரின் காணியில் குசினி வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. படிப்புக்கு வளவுக்குள் வருவார்கள். பசிக்கு வேலிக்கு அப்பால் போவார்கள். சில காலத்தில் இது தளர்ந்தது என்றாலும், அந்த வேலி மனதுக்குள் நெடுங்காலம் இருந்தது.

1855இல் பொஸ்ரனிலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு செமினரியின் கணக்கைப் பார்த்தது. மாணவரில் சபை உறுப்பினர் சொற்பம். படிப்பு முடித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்கக் கந்தோர்களுக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். விசுவாசத்தை வளர்க்க வைத்த ஆங்கிலம் உத்தியோகத்துக்கு ஏணியாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்து செமினரியை மூடிவிட்டார்கள். சோதனையை அகற்றச் சோதனை வரும் வாசலையே அடைப்பது என்ற பழைய வைத்தியம். பலன் வேறுவிதமாக அமைந்தது. பழைய மாணவர்களும் ஊரவரும் சேர்ந்து வட்டுக்கோட்டையில் உயர்தரப் பாடசாலை ஒன்றைத் தாமாகவே நடத்தினார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. படித்த கிறித்தவர்கள் தம் சபையைத் தாமே தாங்கத் தொடங்கியது அப்போதுதான்.

இந்தச் செமினரியின் மாணவர் இருவரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சதாசிவம்பிள்ளை என்ற ஜே. ஆர். ஆர்னல்ட் (1820-1896) கிறித்தவராகவே வாழ்ந்து, உதயதாரகைப் பத்திரிகையை நடத்தி, 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். சிறுப்பிட்டியில் பிறந்த சார்ள்ஸ் வின்சிலோ தாமோதரம்பிள்ளை (1832-1901) மிசன் பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பில் சென்னைக்குப் போய்த் தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தி, சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, பின் சைவத்துக்குத் திரும்பினார். கலித்தொகையையும் சூளாமணியையும் அச்சேற்றினார். அவரோடு அதே ஆண்டு பட்டம் பெற்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சைவத்துக்கே போனார்.

இவர்களை 'விழுந்தவர்கள்' என்று பழைய மிசன் அறிக்கைகள் எழுதின. அந்தச் சொல்லை நான் ஏற்கமாட்டேன். இவர்களோடு ஆறுமுக நாவலரையும் வைத்துப் பார்க்கலாம். அவர் பேர்சிவலிடம் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர். வெஸ்லியன் பாடசாலையில் நல்ல சம்பளம். 1848இல் அதை உதறிவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மனம் சைவத்தில் இருக்கச் சம்பளத்துக்காக மிசனில் தங்கியிருப்பதே அவருக்கு வந்த சோதனை. அதை அவர் வென்றார். மனம் மாறிய ஒருவர் வெளியேறுவதும், மனம் மாறாத ஒருவர் தங்குவதும் ஒரே வகை நேர்மையின் இரு வடிவங்கள். ஆர்னல்ட்டின் உறுதிக்கு மதிப்பு வருவதே, போவதற்கு வழி திறந்திருந்தபோது அவர் தங்கினார் என்பதால்தான். தோம்புக் காலத்தில் அப்படி ஒருவரின் உறுதியை அளக்க வழியே இருக்கவில்லை.

இனி, பிரசங்கங்களில் இடம்பெறாத பகுதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கிறித்தவரை மிக நீண்ட காலம் ஆட்கொண்ட சோதனை சாதி. கள்ளையும் சீட்டையும் கண்டித்த அதே வாய் சாதியைப் பற்றிப் பேசும்போது தயங்கியது. ஒரே வேதம், ஒரே திருப்பந்தி. ஆனால் இன்ன சாதிக்கு இன்ன கோவில், ஒரே கோவிலானால் இன்ன பக்கம். கலியாணப் பேச்சில் சைவ வேளாள மாப்பிள்ளையைக் கிறித்தவ வேளாளக் குடும்பம் ஏற்றுக்கொள்ளும். தன் சபையிலேயே பக்கத்து வாங்கில் இருக்கும் மற்றச் சாதிக் கிறித்தவரை ஏற்காது. கலியாணத்துக்கு முதல் வாரம் ஞானஸ்நானம் எடுப்பதும், அல்லது விபூதி பூசிக்கொள்வதும் ஊரில் யாரையும் திடுக்கிட வைக்காத காரியம். 1929இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசு பணித்தபோது குடாநாட்டில் பாடசாலைக் கொட்டில்கள் எரிந்தன. மிசன் பாடசாலைகளின் முகாமையாளர் சிலர் துணிந்து நின்றார்கள். பலர் காலம் கடத்தினார்கள். ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்தியும் சம ஆசனமும் கேட்டுக் குரல் எழுப்பியது. சபைகளின் குரல் அந்த அளவுக்கு எழவில்லை.

ஏன் இது சோதனை என்று அடையாளம் காணப்படவில்லை? கள் குடிப்பவன் தான் தவறுகிறோம் என்று அறிவான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் செய்வான். சாதி பார்ப்பவனுக்கு அது குடும்ப மானம். தவறாகவே தோன்றாத ஒன்றை யாரும் எதிர்ப்பதில்லை. சீதனமும் அப்படியே. மகளுக்கு வீடும் நகையும் காசும் சேர்க்க ஒரு தகப்பன் வாழ்நாளைக் கொடுக்கிறான். அதற்காக எடுக்கும் இலஞ்சமும் வட்டியும் அவன் கண்ணில் கடமையாகிவிடுகின்றன. ஞானோபதேசத்தில் நடுவில் வைத்த சத்துரு கள்ளுக் கொட்டிலில் மட்டும் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

விதிவிலக்கானவர்கள் இருந்தார்கள். மானிப்பாயில் பிறந்து, புகையிரதப் பகுதி எழுதுவினைஞர் உத்தியோகத்தை விட்டு அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்த சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) நல்லூரைத் தளமாகக்கொண்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் கோவில்களையும் பாடசாலைகளையும் எழுப்பினார். பன்மொழிப் புலவர் என்ற புகழில் இந்தப் பகுதி மங்கிவிட்டது. 1928இல் தோலகட்டியில் தோமஸ் அடிகள் செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கியபோது சாதி பாராமல் ஆட்களைச் சேர்த்தார். இலங்கை மண்ணில் எழுந்த தியான சபை அது: மௌனம், மரக்கறி உணவு, இடையறாத செபம், தோட்ட வேலை. யாழ்ப்பாணத்தார் பலருக்குத் தோலகட்டி என்றால் முந்திரிகைப் பழரசமும் நெல்லிரசமுமே நினைவுக்கு வரும். பல சாதிப் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்டு, ஒரே தோட்டத்தைக் கொத்தியது அந்தக் காலத்து வலிகாமத்தில் எவ்வளவு பெரிய ஒறுத்தல் என்பதை இப்போது உணர்வது கடினம்.

சாதாரணக் குடும்பங்களில் உறுதியைப் பழக்கியவை சிறிய காரியங்கள். தபசு காலத்தில் ஒருசந்தி, வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம், சிலுவைப் பாதை, மாலையில் விளக்கு வைத்தபின் செபமாலை. புரட்டஸ்தாந்த வீடுகளில் குடும்ப ஆராதனையும் தமிழ்க் கீர்த்தனைகளும். கரையோரக் கிராமங்களில் நாட்டுக்கூத்தும் இதில் சேரும். பாசையூரிலும் குருநகரிலும் எஸ்தாக்கியார் நாடகம் விடிய விடிய ஆடப்படும். உரோமைத் தளபதி ஒருவன் வேதத்தில் சேர்ந்தபின் செல்வம் இழந்து, மனைவியைக் கடலோடியிடம் இழந்து, பிள்ளைகளை ஆற்றங்கரையில் இழந்து, எல்லாரும் மீண்டும் கூடிய பின்னரும் பொய்த் தேவருக்குப் பலியிட மறுத்துச் சாகும் கதை. தேவசகாயம்பிள்ளை கூத்தும் அப்படிப்பட்டது. அதில் வரும் நட்டாலத்து மனிதர் 2022இல்தான் புனிதராக அறிவிக்கப்பட்டார், ஊர் அண்ணாவிமார் அவரை எவ்வளவோ முன்பே மேடையேற்றிவிட்டார்கள். கடலில் தொழில் செய்து எல்லாவற்றையும் ஒரே இரவில் இழக்கக்கூடிய மக்களுக்கு எஸ்தாக்கியார் ரோமாபுரிக்காரர் அல்ல, பக்கத்து வாடிக்காரர்.

பழக்கங்களால் மட்டும் மனிதன் நிற்பானா என்ற கேள்வியைக் குடாநாட்டில் ஆழமாக எடுத்தவர் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்து முதற் பேராயர் சபாபதி குலேந்திரன். 1947 முதல் 1970 வரை பேராயராக இருந்த அவர், 1964இல் வெளியிட்ட ஆங்கில நூலில் கிறித்தவத்தின் கிருபையையும் இந்து சமயங்களின் அருளையும் ஒப்பிட்டார். மனிதன் தன் வலிமையால் மீட்படைவதில்லை, கொடுக்கப்படுவதைப் பெறுகிறான் என்ற இடத்தில் சைவ சித்தாந்தமும் கிறித்தவமும் எவ்வளவு நெருங்குகின்றன, எங்கே பிரிகின்றன என்பதைப் பகையில்லாமல் எழுதினார். உறுதி என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று நினைத்த சபைக்கு அது தேவையான திருத்தம். இதை அயலாரின் மதத்தைத் தாழ்த்தாமல் சொல்ல முடிந்த பேராயர் யாழ்ப்பாணத்தில் தோன்றியது தற்செயல் அல்ல. கிறித்தவத்தின்மீது நாவலர் தொடங்கிவைத்த நூறாண்டு விமர்சனம் கிறித்தவரையும் கூர்மையாக்கியிருந்தது.

பிறகு போர். 1990இல் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. 1995 யூலை 9இல் நவாலி பேதுரு பவுல் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீச, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே வெறிச்சோடியது. இக்காலச் சோதனை ஆசையின் சோதனை அல்ல. வெறுப்பும், வெளிநாட்டுக்குப் போய்விடலாம் என்ற நினைப்பும், வாய்மூடி இருந்தால் தப்பலாம் என்ற கணக்குமே சோதனைகள். கொழும்பும் கனடாவும் திறந்திருக்க, குருமாரும் கன்னியரும் போதகர்களும் கணிசமானோர் சனத்தோடு நின்றார்கள். அல்லைப்பிட்டியில் 2006 ஓகஸ்டில் எறிகணை வீச்சுக்குள் மக்களைக் கோவிலுக்குள் கூட்டிச் சேர்த்து, காயப்பட்டவர்களை வெளியேற்றிய ஜிம் பிறவுண் அடிகளார், சில நாட்களில், 20ஆந் தேதி, உதவியாளர் ஒருவரோடு காணாமற் போனார். இன்றுவரை திரும்பவில்லை. எல்லாருக்கும் அந்தத் துணிவு இருந்ததென்று சொல்ல முடியாது. ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பையும் ஒரே அளவுகோலால் கண்டித்த குரல்கள் சபைகளுக்குள் குறைவாகவே கேட்டன. அதற்குரிய அச்சமும் நியாயமானதே.

போருக்குப் பின்னான குடாநாட்டில் பழைய கேள்வி புது உடையில் திரும்பியிருக்கிறது. வாடகை மண்டபங்களிலும் தகரக் கொட்டில்களிலும் சுதந்திர சபைகள் முளைத்திருக்கின்றன. உதவி கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்று சைவ அமைப்புகள் குற்றஞ்சாட்டுகின்றன. பழைய சபைகளும் உள்ளூர அதையே முணுமுணுக்கின்றன. அந்தச் சபைகளுக்குப் போகும் கைம்பெண்ணோ, மகனைத் தேடும் தாயோ, போதையிலிருந்து மீண்ட இளைஞனோ வேறு கதை சொல்வார்கள்: எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்து செபித்தது அவர்கள்தான், எங்களைப் பின்வாங்கில் இருத்தாதவர்களும் அவர்கள்தான் என்று. இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. அரிசிப் பொதியோடு வந்த செபம் எது, பொதி நின்ற பிறகும் தொடரும் செபம் எது என்று இப்போதே பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. ஒல்லாந்தர் தோம்பில் இருந்த பெயர்களுக்கு அந்தப் பதில் வர 137 ஆண்டுகள் எடுத்தன. இந்தச் சபைகளுக்குப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வேறு கணக்குகளோடு வளர்கிறார்கள். எனவே இம்முறை அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டி வராது.